வட துருவத்து மெதேன்: தூரத்தில் நின்று காற்றை அளந்து கணக்குச் சொல்லலாமா?

பகுதி: அறிவியலும் சூழலும்

#1 புவியியல்_ரீச்சர் (கிளிநொச்சி)

உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் வட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது. சைபீரியாவுக்கு வடக்கே கடலடியிலிருந்து மெதேன் குமிழி குமிழியாய்க் கிளம்புகிறது, இன்னும் கொஞ்சக் காலத்தில் உலகத்தின் கதை முடிந்தது என்கிற பாணி. பயமுறுத்தலை விடுங்கள், எனக்கு இடிப்பது எண்கள்.

கிழக்குச் சைபீரியக் கடற்படுகை என்ற அந்த ஒரே இடத்துக்கு, நட்டாலியா ஷக்கோவாவின் குழு 2010இல் ஆண்டுக்கு 8 மில்லியன் தொன் என்றது. 2014இல் அதே குழு 17 மில்லியன் தொன் என்றது. பிரெட் தோர்ன்டனின் குழு 2016இல் 2.9 என்றது. அதே ஆண்டில் இன்னொரு குழு கடலுக்கே போகவில்லை. சுற்றிவர உள்ள நிலக் கண்காணிப்பு நிலையங்கள் 2012இல் அளந்த காற்றை மட்டும் வைத்து, 0 முதல் 4.5 வரை என்றது.

கடலுக்குப் போனவர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போகாதவர்கள் எந்தத் துணிவில் சொல்கிறார்கள்? பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தக்கூடிய மாதிரி யாராவது எழுதுங்கள்.

#2 முறிகண்டி_கச்சான் (மாங்குளம்)

17, 8, 2.9, 0. ஏலம் தலைகீழாய்ப் போகிறது ரீச்சர். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கடல் மெதேனை உறிஞ்சத் தொடங்கிவிடும்.

#3 வாடைக்காற்று (ஒஸ்லோ, ஊர் முள்ளியவளை)

வளிமண்டல மாதிரிகளோடுதான், அதாவது காற்றின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் நிரல்களோடுதான், என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் கடலுக்குப் போனவர்கள். ஷக்கோவாவின் குழு நீரில் கரைந்திருந்த மெதேனையும் குமிழிகளையும் அளந்தது. பிறகு, அளந்த இடங்களில் கண்டதை முழுப் படுகைக்கும் விரித்தது. அந்தப் படுகை 20 இலட்சம் சதுர கிலோமீற்றருக்கு மேல், இலங்கையைப்போல் முப்பது மடங்கு. சில இடங்களில் கண்ட குமிழியை முப்பது இலங்கைக்கு விரித்தால், எந்த இடங்களைத் தெரிவுசெய்தீர்கள் என்பதே விடையைத் தீர்மானித்துவிடும். தோர்ன்டனின் குழு 2014இல் ஓடன் என்ற சுவீடன் பனியுடைக் கப்பலில் போய், கப்பல் ஓடிய வழி முழுக்க நீரையும் காற்றையும் தொடர்ச்சியாக அளந்தது. குமிழி நிறைந்த இடமும் வந்தது, ஒன்றுமில்லாத இடமும் வந்தது. எண் இறங்கிவிட்டது.

இனிப் போகாதவர்கள். நீங்கள் முல்லைத்தீவுக் கடற்கரையில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். சிறுபோக அறுவடை முடிந்து முத்தையன்கட்டுப் பக்கம் வைக்கோல் எரிகிறது. தரைப்பக்கமிருந்து சோளகம் அடித்தால் உங்களுக்குப் புகை மணக்கும், கடலிலிருந்து காற்று வந்தால் மணக்காது. இரண்டு காற்றுக்கும் உள்ள வித்தியாசம் தரை தந்தது.

அலாஸ்காவின் வட முனையில், பறோ என்று முன்பு சொன்ன உத்கியாக்விக்கில், அமெரிக்காவின் நோவா நிறுவனம் இதைத்தான் செய்கிறது. கடற்பக்கக் காற்று பின்புலம், அதாவது எங்கும் கலந்திருக்கும் அடிப்படை அளவு, தரைப்பக்கக் காற்று பின்புலமும் சதுப்பு நிலத்தின் மெதேனும். 1986 தொடக்கம் 29 ஆண்டுத் தரவைப் பார்த்தார்கள். யூலை முதல் டிசம்பர் வரை தரைக்காற்றில் மெதேன் தெளிவாகக் கூடுதல். அந்த இடத்தின் வெப்பநிலை பத்தாண்டுக்கு 1.2 பாகை வீதம் ஏறியிருக்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் அளவு 29 ஆண்டில் பெரிதாக மாறவில்லை. 2010க்குப் பிறகு நவம்பர், டிசம்பரில் மட்டும் சிறிய ஏற்றம்.

என் கருத்தில், வட துருவத்து மெதேனைப் பற்றி வந்த ஆய்வுகளில் இதுபோல் எளிமையான, நேர்மையான வேலை குறைவு. மாதிரி இல்லை, சூத்திரம் இல்லை, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக் கழித்ததுதான்.

#4 மூன்றாம்வாய்க்கால் (துணுக்காய்)

தம்பி, வைக்கோல் எரிகிறது என்று மணம் சொல்லும். சரி. எத்தனை ஏக்கர் எரிந்தது என்று மணம் சொல்லுமா? நான் வவுனிக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவன். பக்கத்து வயலில் அரை ஏக்கர் எரிந்தாலும் மூக்கு நிறையும், பத்துக் கட்டைக்கு அப்பால் நூறு ஏக்கர் எரிந்தாலும் மூக்கு நிறையும். காற்று மெல்ல அடித்தால் புகை நின்று மூட்டும், பலமாக அடித்தால் கலைந்துவிடும். இதுக்கெல்லாம் கணக்கு வைத்திருக்கிறார்களா, இல்லை மூக்கால் மணந்துதான் மில்லியன் தொன் சொல்கிறார்களா?

#5 வாடைக்காற்று

அண்ணை, இந்தத் துறையின் முழுத் தலையிடியையும் நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

கணக்கு வைத்திருக்கிறார்கள். பிளெக்ஸ்பார்ட் என்ற ஒரு நிரல் இருக்கிறது. நிலையத்தில் குறித்த மணித்தியாலத்தில் வந்த காற்றை ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்களாக எடுத்து, வானிலைத் தரவைக் கொண்டு பத்து நாள், இருபது நாள் பின்னோக்கி ஓட்டுவார்கள். எந்தத் துகள் எந்த நிலத்துக்கு மேலே, தரைக்கு எவ்வளவு கிட்ட, எத்தனை மணித்தியாலம் திரிந்தது என்று பதிவாகும். தரைக்குக் கிட்ட நெடுநேரம் திரிந்த இடம் அந்த அளவீட்டில் கூடப் பேசும், மேலால் பறந்துபோன இடம் பேசாது. காற்றின் வேகமும் திசையும் இதற்குள் வந்துவிடும். நூற்றுக்கணக்கான நாட்களுக்கு, பல நிலையங்களுக்கு இப்படிச் செய்தால், எந்தப் பகுதி எவ்வளவு தந்தால் எல்லா அளவீடும் ஒத்துவரும் என்று தேடலாம்.

பிரச்சினை நீங்கள் சொன்ன அந்த "நின்று மூட்டும்" இடத்தில். தரையிலிருந்து வந்த வாயு எவ்வளவு உயரம் வரை கலக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் கவிழ்க்கும். கலப்பு அடுக்கு 1,000 மீற்றர் என்று மாதிரி நினைக்கிறது, உண்மையில் அது 500 மீற்றர் என்றால், அதே அளவு மெதேனுக்குச் செறிவு இரண்டு மடங்காகத் தெரியும். மாதிரி அதைப் பார்த்து, சதுப்பு நிலம் இரண்டு மடங்கு விடுகிறது என்று எழுதிவிடும். வெப்பமான நாடுகளில் இதற்கு ஒரு வழி உண்டு, பகலில் வெயில் ஏறி நன்றாகக் கலந்த பின் எடுத்த அளவீட்டை மட்டும் வைத்துக்கொள்வார்கள். வட துருவத்தில் குளிர்காலத்தில் வெயிலே ஏறாது. குளிர்ந்த கனமான காற்று தரையோடு படுத்துக் கிடக்கும், மேலே சூடான காற்று மூடி போட்டுவிடும்.

அடுத்தது பின்புலம். இப்போது உலகச் சராசரி மெதேன் பில்லியனுக்கு 1,900 பங்குக்கு மேல். கைத்தொழில் யுகத்துக்கு முன் ஏறத்தாழ 700. நாம் தேடும் சதுப்பு நிலத்தின் பங்கு அந்த 1,900க்கு மேலே சில பத்துகள். கருவி ஒரு பங்கு, இரண்டு பங்கு வரை துல்லியமாக அளக்கும், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்புலத்தை ஐந்து பங்கு பிழையாக எடுத்தாலே விடையில் நல்ல பகுதி பிழைத்துவிடும்.

#6 சமன்பாடு (வவுனியா, பல்கலைக்கழக மாணவன்)

வாடைக்காற்று அண்ணா ஒன்றை மெல்லத் தாண்டிப் போய்விட்டார். "எல்லா அளவீடும் ஒத்துவரும் என்று தேடலாம்" என்பது நேரடியாக நடக்காது. நிலத்தை ஆயிரம் கட்டமாகப் பிரித்தால் ஆயிரம் தெரியாக் கணியம். நிலையங்கள் ஒரு கை விரலில் அடங்கும். விடை ஒன்றல்ல, எண்ணிலடங்காதவை. அதனால் முன்மதிப்பு ஒன்றை, அதாவது காற்றைப் பார்க்கும் முன்பே ஊகித்த எண்ணை, வைத்துக்கொண்டு தொடங்கி, அளவீட்டால் அதைத் திருத்துகிறார்கள், பேயிசு முறை.

சின்ன எண்ணில் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்கு மட்டும். ஒரு சதுப்பு நிலம் 10 தரும், பிழை கூட்டியோ குறைத்தோ 5 என்பது முன்மதிப்பு. காற்று அளவீடு 4 என்கிறது, பிழை 2. நிறை என்பது பிழையின் வர்க்கத்தின் தலைகீழ்: முன்மதிப்புக்கு 0.04, அளவீட்டுக்கு 0.25. விடை (0.4 + 1.0) ÷ 0.29, அதாவது 4.8, பிழை 1.9. அளவீடு வென்றது.

இப்போது நிலையம் தூரத்தில், மாதிரி மோசம், அளவீட்டுப் பிழை 10 என்று வையுங்கள். அளவீட்டின் நிறை 0.01. விடை (0.4 + 0.04) ÷ 0.05, அதாவது 8.8, பிழை 4.5. பார்த்தீர்களா, காற்று 4 என்று கத்துகிறது, விடை 8.8. முன்மதிப்பு வந்த வழியே திரும்பி வந்துவிட்டது. ஆனால் கட்டுரையில் இரண்டுமே "வளிமண்டல அளவீட்டிலிருந்து பெற்ற மதிப்பு" என்றுதான் அச்சாகும்.

#7 முறிகண்டி_கச்சான்

அப்ப இது விடையை முதலே எழுதிவைத்துவிட்டுச் சோதனை எழுதுகிற வேலை. எங்கள் காலத்திலும் சிலர் செய்தார்கள், பிடித்து வெளியே விட்டார்கள்.

#8 வாடைக்காற்று

கச்சான் அண்ணை, விடையை எழுதிவைத்தது பிழையில்லை, அதை எவ்வளவு நம்புகிறோம் என்று மேலே எழுதியிருக்கிறதே. சமன்பாடு காட்டியதிலேயே மருந்தும் இருக்கிறது. முன்மதிப்பை 10 என்றும் 20 என்றும் 3 என்றும் மாற்றி ஓட்டுங்கள். விடை அசையாமல் நின்றால் காற்று பேசுகிறது. முன்மதிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு விடையும் போனால், அந்தப் பகுதியைப் பற்றி அளவீடு ஒன்றும் சொல்லவில்லை. நல்ல கட்டுரைகள் இதைச் செய்து காட்டும். பிழை எவ்வளவு குறைந்தது என்ற வரைபடம் இல்லாத கட்டுரையை நான் வாசிப்பதில்லை. சில அளவீடுகளை ஒளித்து வைத்துவிட்டு, விடை அவற்றை எதிர்வுகூறுகிறதா என்றும் பார்ப்பார்கள். அலாஸ்காவுக்கு மேல் 2012 முதல் நாசா பறந்து அளந்த விமானத் தரவு இதற்கு நன்றாக உதவியது.

முறை வேலை செய்கிறதா என்பதற்கு ஒரு வெளிச் சோதனையும் கிடைத்தது. 2022 செப்டெம்பர் 26இல் போல்டிக் கடலில் நோர்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் வெடித்தன. சுவீடனிலும் நோர்வேயிலும் உள்ள நிலையங்களில் மெதேன் குத்தென ஏறியது. பல குழுக்கள் காற்று, கடல், குழாயின் அழுத்தம் என்று வேறு வேறு வழியால் கணக்குப் பார்த்து, கடைசியில் ஏறத்தாழ 4,65,000 தொன் என்ற இடத்தில் சேர்ந்தன. எங்கே, எப்போது என்று தெரிந்த ஒற்றை மூலம், அதனால் இலகு. சதுப்பு நிலம் அப்படி இல்லை.

#9 சமன்பாடு

அந்த 4,65,000 தொன்னை உலகம் முழுக்கக் கலந்தால் என்ன வரும் தெரியுமா? 1 பங்கு ஏற ஏறத்தாழ 2.75 மில்லியன் தொன் வேண்டும். ஆக 0.17 பங்கு. செய்தியில் பார்த்த அந்தப் பெரிய கொந்தளிப்புக்கு இவ்வளவுதான். 2021இல் மட்டும் உலக மெதேன் ஏறத்தாழ 18 பங்கு ஏறியது. வருவதற்கும் அழிவதற்கும் இடையில் ஏறத்தாழ 50 மில்லியன் தொன் வித்தியாசம். அதை ஒரு குழாயும் செய்யவில்லை.

#10 புவியியல்_ரீச்சர்

நல்லது. ஆனால் ஏன் இன்னும் தரை நிலையங்களில் தொங்கவேண்டும்? செய்மதி இருக்கிறதே. ஐரோப்பியச் செய்மதியில் ட்ரொபோமி என்ற கருவி நாள்தோறும் உலகம் முழுக்க மெதேன் பார்க்கிறது என்று வாசித்தேன்.

#11 வாடைக்காற்று

ட்ரொபோமி 2017 ஒக்டோபரில் ஏவிய சென்டினல்-5பி செய்மதியில் இருக்கிறது, ஜப்பானின் கோசாட் 2009 முதல். இரண்டுமே தரையில் பட்டுத் தெறித்து வரும் சூரிய ஒளியில், குற்றலை அகச்சிவப்பில், மெதேன் எவ்வளவை உறிஞ்சியது என்று பார்ப்பவை. வெயில் வேண்டும். வட துருவத்தில் குளிர்காலத்தில் வெயில் இல்லை. வசந்தத்தில் வெயில் வந்தாலும் சாய்ந்து வரும். பனி நம் கண்ணுக்கு வெள்ளை, அந்த அலைநீளத்தில் அது கறுப்பு மாதிரி, ஒளியை விழுங்கிவிடும். கோடையில் வெயில் உண்டு, கூடவே முகிலும் உண்டு. நிலம் முழுக்கக் குட்டைகள், நீரும் அந்த ஒளியைத் திருப்பி அனுப்பாது.

சரி, குளிர்காலத்தில் எல்லாம் உறைந்து கிடக்கிறது, மெதேன் எங்கே வரப்போகிறது, விட்டால் என்ன என்று கேட்கலாம். முன்பு பலரும் அப்படித்தான் விட்டார்கள். கிறீன்லாந்தின் சாக்கன்பேர்க்கில் ஒரு குழு பருவம் முடிந்தும் கருவியை எடுக்காமல் விட்டது. மண் உறையத் தொடங்கும்போது கோடை முழுவதும் வந்ததற்குக் கிட்டத்தட்டச் சமமான மெதேன் வெளியே வந்தது. 2008இல் அந்த ஆய்வு வெளியானது. மேலேயும் கீழேயும் உறைந்து வர, நடுவில் இருக்கும் ஈர மண் வாயுவைப் பிதுக்கித் தள்ளுகிறது. 2016இல் அலாஸ்காக் கோபுரங்களில் அளந்தவர்கள் செப்டெம்பர் முதல் மே வரையான குளிர்காலம் ஆண்டு மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் தருகிறது என்றார்கள். மண் பூச்சியப் பாகையில் வாரக்கணக்காக, சில இடங்களில் மாதக்கணக்காக நின்று கொள்கிறது, முழுதாய் உறைய மாட்டேன் என்கிறது. அந்த நேரத்தில் நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்துவதில்லை.

செய்மதிக்குப் பெரும்பாலும் கண் தெரியாத அந்த மாதங்களில்தான் பாதி மெதேன் வருகிறது. தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுபோகும் லேசர்ச் செய்மதி ஒன்று, மெர்லின், பிரான்சும் ஜேர்மனியும் சேர்ந்து திட்டமிட்டது. அது மேலே போனால் பார்ப்போம். அதுவரை குளிரில் நிற்கும் கோபுரங்கள்தான்.

#12 மூன்றாம்வாய்க்கால்

அந்தக் கோபுரங்கள் அரைவாசி ரஷ்யாவில் தானே? அங்கே இப்போது யார் போகிறார்கள்?

#13 வாடைக்காற்று

அதுதான் அண்ணை பெரிய ஓட்டை. வடக்கின் உறைநிலத்தில் பெரும்பகுதி ரஷ்யாவில். டிக்சி, அம்பார்சிக், சொட்டினோ என்று நிலையங்கள் இருந்தன. சொட்டினோவில் 300 மீற்றருக்கு மேல் உயரமான கோபுரம், ஜேர்மன்காரர் சேர்ந்து நடத்தியது. 2022இல் உக்ரேன் போர் தொடங்கிய பிறகு ஐரோப்பிய நிறுவனங்கள் கூட்டு வேலையை நிறுத்திவிட்டன. கனடாவின் அலேர்ட், நோர்வேயின் சுவால்பார்டுத் தீவுகளில் செப்பலின், பறோ போன்றவை ஓடுகின்றன, ஆனால் சைபீரியாவை அவை தூரத்திலிருந்துதான் மணக்கும். சமன்பாடு போட்ட இரண்டாவது உதாரணம் ஞாபகமிருக்கிறதா? அளவீட்டுப் பிழை 10. அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறோம்.

#14 முறிகண்டி_கச்சான்

[நடத்துனர் குறிப்பு: போர் அரசியல் பற்றிய பகுதி நீக்கப்பட்டது. அதற்கு வேறு இழை இருக்கிறது.]

...மற்றபடி ஒன்று. எங்கள் ஊர்க் குளத்தின் பழைய மழைப் பதிவேடு இடப்பெயர்வில் போனது. அந்த ஆண்டுகளுக்குப் பக்கத்து ஊரின் மழையைப் போட்டு நிரப்பிய அட்டவணையைப் பிறகு பார்த்தேன். வடிவாகத்தான் இருக்கிறது. நிரப்பியது என்று எங்கும் எழுதியில்லை.

#15 சமன்பாடு

வாடைக்காற்று அண்ணாவோடு ஓரிடத்தில் எனக்கு ஒத்துவரவில்லை. பறோவில் 29 ஆண்டில் மாற்றமில்லை என்பதை நீங்கள் முழு வடக்குக்கும் பேசுகிற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். பறோ ஒரு மூலை. லேனா ஆற்று முகத்துவாரத்தில் சமோய்லோவ் தீவில் கோபுரத்தால் நேரடியாக அளந்தவர்கள், யூன், யூலை மாத மெதேன் 2004 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 வீதம் ஏறிவருகிறது என்று 2022இல் எழுதினார்கள். நிலம் முந்தியே சூடாகிறது, நுண்ணுயிர்களும் முந்தியே வேலைக்கு வருகின்றன. ஒன்று ஏறவில்லை என்கிறது, ஒன்று ஏறுகிறது என்கிறது. எளிமையான வேலை என்பதற்காக முதலாவதைத் தூக்கிப் பிடிக்க முடியுமா?

#16 வாடைக்காற்று

தூக்கிப் பிடிக்கத்தான் செய்கிறேன். சமோய்லோவ் கோபுரம் சில நூறு மீற்றர் நிலத்தைப் பார்க்கிறது. பறோவின் தரைக்காற்று வட அலாஸ்காவின் பெரிய பரப்பைக் கூட்டிக்கொண்டு வருகிறது. ஒரு தீவில் யூன், யூலை ஏறினாலும் சுற்றுவட்டாரம் காய்ந்து மற்ற மாதங்களில் குறைந்திருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க இடம் உண்டு. ஆனால் சைபீரியா அலாஸ்கா அல்ல என்ற உங்கள் வாதத்துக்கு என்னிடம் பதிலான தரவு இல்லை, அதைத் தரவேண்டிய நிலையங்களைத்தான் மேலே எண்ணிக் காட்டினேன்.

#17 மூன்றாம்வாய்க்கால்

நீங்கள் இரண்டு பேரும் பனிக்குள் நின்று சண்டை பிடியுங்கள். எனக்கு வேறொரு கேள்வி. போன கூட்டமொன்றில் வந்து பேசினவர், நெல் வயல்தான் மெதேன் விடுகிறது, தண்ணீரைக் குறையுங்கள் என்றார். வட துருவத்துக்காரர் விடுகிறதுக்கு நாங்கள் தண்ணீர் குறைக்கவா?

#18 சமன்பாடு

ஐயா, பிடிக்காது என்று தெரிந்தும் சொல்கிறேன். உலக மெதேன் கணக்கில், 2008 முதல் 2017 வரை காற்றிலிருந்து பின்னோக்கிப் பார்த்த மொத்தம் ஆண்டுக்கு 576 மில்லியன் தொன். அதில் 60 பாகைக்கு வடக்கே உள்ள எல்லாம் சேர்ந்து 4 வீதம்தான், அதாவது ஏறத்தாழ 23. சதுப்பு, எரிவாயு வயல், ஏரி எல்லாம் அடக்கம். 30 பாகை வடக்குக்குக் கீழே உள்ள நாங்கள் 64 வீதம். உலக நெல் வயல்கள் மட்டும் ஏறத்தாழ 30. வட துருவம் பயமுறுத்துவது அங்கே புதைந்திருக்கும் காபனால், இன்றைக்கு வெளியே வரும் அளவால் அல்ல.

உங்கள் வயல் எவ்வளவு? காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் 2019 வழிகாட்டியில் தெற்காசியாவுக்கு ஹெக்டேயருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ. தண்ணீர் விடாமல் நின்றால், பசளையாக ஒன்றும் தாழ்க்காவிட்டால். ஒரு ஏக்கர் 0.405 ஹெக்டேயர். 100 நாள் என்றால் 34 கிலோ. தண்ணீரை இடையிடையே பல தடவை வற்றவிட்டால் 0.55ஆல் பெருக்கச் சொல்கிறார்கள், 19 கிலோ.

#19 மூன்றாம்வாய்க்கால்

சிறுபோகத்தில் எங்களுக்கு எந்தக் காலத்தில் தண்ணீர் விடாமல் நின்றது? முறை வைத்துத்தான் திறப்பார்கள். என் முறை வந்து வாய்க்கால் பூட்டினால் அடுத்த முறைக்குள் வயல் வெடித்துப்போகும். அந்தக் கூட்டத்துக்காரர் புதிதாய்க் கண்டுபிடித்ததாகச் சொன்னதைத் தண்ணீர் இல்லாமல் நாங்கள் எப்போதோ செய்கிறோம். காலபோகத்தில் மழை நிற்கிறபோது எப்படி வற்றவிடுவது என்று கேட்டேன், பதில் இல்லை. வற்றவிட்டால் களை வரும், அந்த மருந்துச் செலவை யார் தருவார்?

#20 வாடைக்காற்று

அண்ணை சொல்வது முழுக்கச் சரி, கீழிருந்து மேலே கூட்டும் கணக்கின் பலவீனமும் அதுதான். தாளில் ஏக்கரையும் நாளையும் பெருக்குவார்கள். எத்தனை நாள் வாய்க்கால் பூட்டிக் கிடந்தது என்பது தாளில் வராது. வைக்கோலும் அப்படி. விதைப்புக்கு ஒரு மாதத்துக்குள் தாழ்த்தால் மெதேன் ஏறும். ஒரு மாதத்துக்கு முந்தியே தாழ்த்து உக்கவிட்டால் அந்தப் பாதிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். சிறுபோகம் வெட்டி ஓகஸ்டில் உழுதுவிட்டு ஒக்டோபரில் விதைக்கிறவருக்கும், எல்லாம் கடைசி வாரத்தில் செய்கிறவருக்கும் நல்ல வித்தியாசம் உண்டு.

சமன்பாடு 576 என்றாரே, அதே ஆண்டுகளுக்குக் கீழிருந்து கூட்டினால் 737 வருகிறது. 160 மில்லியன் தொன் எங்கிருந்தோ முளைத்துவிட்டது. பெரும்பகுதி ஏரி, குளம், சதுப்பு போன்ற இயற்கை மூலங்களில். ஒரே நீர்நிலையை ஏரிக்காரரும் எண்ணுகிறார், ஈரநிலக்காரரும் எண்ணுகிறார். காற்று இரண்டு தடவை எண்ணாது. மெதேனை அழிப்பது பெரும்பாலும் காற்றிலுள்ள ஐதரொட்சில் மூலிகம் என்ற தாக்கம் கூடிய துணிக்கை, மெதேனின் ஆயுள் ஏறத்தாழ 9 ஆண்டு, காற்றில் நிற்கும் மொத்தம் தெரியும், ஆகவே வரவு 737 ஆக இருக்க இடமில்லை. எங்கே இருந்து என்பதில் காற்று தடுமாறும், மொத்தத்தில் அதை ஏமாற்றுவது கடினம்.

#21 புவியியல்_ரீச்சர்

அப்ப என் முதல் கேள்விக்கு வருவோம். 17 மில்லியன் தொன் கடலிலிருந்து வந்தால் நிலையங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்கிறீர்களா?

#22 வாடைக்காற்று

ஆம். 17 என்றால் 60 பாகைக்கு வடக்கே உள்ள முழு 23இல் முக்கால்வாசி. அது ஒரு கடலிலிருந்து வந்திருந்தால், அந்தக் கடலிலிருந்து டிக்சிக்கும் பறோவுக்கும் காற்று வரும் நாட்களில் மெதேன் குதித்திருக்கவேண்டும். அந்த அளவுக்குக் குதிக்கவில்லை. 0 முதல் 4.5 என்ற எண் வந்தது அப்படித்தான். தோர்ன்டன் கப்பலிலேயே கோபுர முறையால், நீரிலிருந்து காற்றுக்குப் போவதை நேரே அளந்தார், 2020இல் வந்த விடையும் ஏறத்தாழ 3. மூன்று வேறு வழி, ஒரே வட்டாரத்து எண். எனக்கு இது போதும்.

சுவால்பார்டுக்கு மேற்கே 2014 கோடையில் இன்னும் தெளிவாகப் பார்த்தார்கள். கடலடியில் குமிழி நிறைய, ஒலிக்கருவியில் தெரிகிறது. கப்பல், விமானம், செப்பலின் நிலையம் மூன்றிலும் காற்றை அளந்தார்கள், ஒன்றும் ஏறவில்லை. குமிழி மேலே வரும் வழியிலேயே கரைந்துவிடுகிறது, கரைந்ததில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. காணொளிக்காரர் காட்டியது உண்மையான குமிழியாகவே இருக்கலாம். ஆழம் என்ன, மேற்பரப்பில் காற்றை அளந்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

#23 முறிகண்டி_கச்சான்

நான் விடமாட்டேன். திடீரென்று இரண்டு நாள் பெரிதாய்ப் பொங்கி, காற்று வேறு பக்கம் போய்விட்டால் உங்கள் நிலையம் என்ன செய்யும்?

#24 வாடைக்காற்று

அந்த ஒன்றைத் தவறவிடும். அதனால் மறுக்கமாட்டேன். ஆனால் அடிக்கடி பொங்கினால் சிலதாவது மாட்டும், வடக்கின் பின்புலமே உயரும். அதோடு சமதானி, அதாவது ஒரே தனிமத்தில் நிறை வேறான அணு, இருக்கிறது. சதுப்பு நிலத்து மெதேனில் காபன்-13 குறைவு, எரிவாயுக் கசிவில் அதைவிடக் கூட. செப்பலின் நிலையத்துக்கு வந்த காற்றில் 2008, 2009 கோடையில் மேலதிகமாக வந்ததன் கையொப்பம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ −68 (எண் கீழே போகப் போகக் காபன்-13 குறைவு), சதுப்பு நிலத்துக்குப் பொருந்துவது. சதுப்பு உறைந்து கிடக்கும் வசந்தத்தில் ஏறத்தாழ −53, எரிவாயு வயல்களின் பக்கம் சாய்கிறது. பெரும் கடற்பொங்கல் இருந்தால் இந்தக் கணக்கில் எங்காவது தலை நீட்டவேண்டும்.

#25 புவியியல்_ரீச்சர்

பிள்ளைகளுக்குப் பறோத் தரவையே கொடுத்துச் செய்விக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கள் கணினி அறையில் விரிதாள் மட்டும்தான் இருக்கிறது. சமாளிக்கலாமா?

#26 வாடைக்காற்று

தாராளமாக. நோவாவின் தளத்தில் பறோவின் மணித்தியால மெதேனும் காற்றுத் தரவும் இலவசம். ஓர் ஆண்டை எடுங்கள். வடகிழக்கிலிருந்து வருவதைக் கடற்காற்று, தெற்கிலிருந்து வருவதைத் தரைக்காற்று என்று பிரியுங்கள். நிலையம் ஊருக்கு வடகிழக்கே சில கிலோமீற்றரில், ஆகவே ஊர்ப்பக்கக் காற்றை ஒதுக்குங்கள், அங்கே எரிவாயு பாவிக்கிறார்கள். காற்று மிக மெல்ல அடிக்கும் மணித்தியாலங்களையும் வெட்டுங்கள். பிறகு மாதம் மாதமாக இரண்டின் சராசரியைக் கழிக்கச் சொல்லுங்கள். பெப்ரவரியையும் செப்டெம்பரையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகளே பிடித்துக்கொள்வார்கள்.

#27 சமன்பாடு

ரீச்சர், கோப்பில் தவறிய அளவீட்டுக்கு −999.99 என்று போட்டிருப்பார்கள், அதை நீக்காமல் சராசரி எடுத்தால் வட துருவம் உண்மையிலேயே மெதேனை உறிஞ்சும், கச்சான் அண்ணைக்குச் சந்தோஷமாகிவிடும். வெள்ளி எனக்கு விரிவுரை. சனி காலை கிளிநொச்சிக்கு வரலாம்.

#28 புவியியல்_ரீச்சர்

சனி நல்லது. ஒன்பது மணிக்கு முன் வாருங்கள், பத்துக்குப் பிறகு மின்வெட்டு என்று அறிவித்திருக்கிறார்கள்.